கோணம் சரி, அது எப்போதைய கோணம்?

தொழிற்கூடம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸில், ஷாஃப்டின் கோணத்துக்கு ஏற்ப சுவிட்ச் தட்டும் பழைய கேம் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்தக் கோணத்தை அளக்கும் ரிசால்வரும் அதைப் படித்து அனுப்பும் நெட்வொர்க் மாட்யூலும் போட்ட கதையைப் பத்தே வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பத்து வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் கிடக்கின்றன. அதனால் இந்த முறை பேரிங், பெல்ட், ஹைட்ராலிக் எல்லாம் காத்திருக்கட்டும். முழுக்க ரிசால்வர்தான்.

சார், எங்கள் ஆலையில் கோணம் அளக்க, ஒளியை வைத்து வேலை செய்யும் என்கோடர்தான் பழக்கம். புதிதாக வந்த மெஷினில் ரிசால்வர் இருக்கிறது. இது பழைய காலத்துச் சரக்கு என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர். உண்மையா?

பழைய காலத்துச் சரக்கு என்பது உண்மை. அதைக் குறையாகச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. இதன் மூத்த அண்ணனான, ஓரிடத்துக் கோணத்தை மின்சாரத்தால் தூரத்தில் காட்டும் செல்சின், 1914-ல் திறந்த பனாமா கால்வாயின் மதகுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குக் காட்டியது. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் வழிகாட்டும் மேடையில் அச்சுகளின் கோணத்தைச் சொன்னது ரிசால்வர். இன்றைக்கு டொயோட்டா பிரியஸ் மாதிரியான ஹைபிரிட் கார்களின் மோட்டாருக்குள்ளும் இதன் தம்பி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். செம்புக் கம்பி, இரும்புத் தகடு, இரண்டு பேரிங், அவ்வளவுதான். சுற்றும் பகுதியில் ஒரு சுருள். அதற்கு மாட்யூல் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலையை ஊட்டும். பிரஷ் இல்லாத வகையில் அந்த அலை ஒரு வளைய டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போய்ச் சேரும். நிற்கும் பகுதியில் ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பிய இரண்டு சுருள்கள். ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதன் சைன் அளவுக்கு ஒன்றில் மின்னழுத்தம் வரும், கொசைன் அளவுக்கு மற்றொன்றில்.

மாட்யூல் இந்த இரண்டின் விகிதத்தை வைத்துக் கோணம் சொல்கிறது. 30 டிகிரியில் 0.5-ம் 0.866-ம் வருகிறது என்று வையுங்கள், விகிதம் 0.577. கேபிள் நீளமாகி, சூடாகி, இரண்டுமே பத்து சதவீதம் விழுந்தால் 0.45, 0.779, விகிதம் அதே 0.577. இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதன் பக்கம். உள்ளே எல்.ஈ.டி. கிடையாது, கண்ணாடித் தகடு கிடையாது, சிப் கிடையாது. எண்ணெய்ப் புகை, அதிர்வு, 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு இதெல்லாம் இருக்கிற இடத்தில், மின்னணு எல்லாவற்றையும் தூரத்தில் பானலுக்குள் வைத்துவிட்டு இதை மட்டும் மெஷின் மேல் விட்டுவிடலாம்.

நுணுக்கத்தில் நல்ல ஆப்டிகல் என்கோடரிடம் இது தோற்கும். சாதாரண ரிசால்வரின் தரவுத்தாளில் பிழை 10 ஆர்க் நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. மாட்யூல் 16 பிட் என்று பெருமையாக எழுதியிருக்கும்: ஒரு சுற்றுக்கு 65,536 படி, படிக்கு 0.0055 டிகிரி. கணக்குப் போடுங்கள்: அந்தப் பிழைக்குள் முப்பது படி அடங்கிவிடும். திரையில் நாலாவது தசமம் ஆடுவதைப் பார்த்து யாராவது பரவசப்பட்டால், தரவுத்தாளின் இரண்டாம் பக்கத்தைக் காட்டுங்கள்.

மெக்கானிக்கல் பிரஸ்ஸில் கேம் சுவிட்சை எடுத்துவிட்டு ரிசால்வர் போட்டோம். மாட்யூல் ஈதர்நெட் ஐ.பி. என்ற ஆலை நெட்வொர்க் வழியாகக் கோணத்தை, மெஷினை ஓட்டும் கணினியான பி.எல்.சி.க்கு அனுப்புகிறது. கோணம் 200-ஐத் தாண்டியதும் காற்று வால்வைத் திறந்து பாகத்தை ஊதித் தள்ள லேடரில் (பி.எல்.சி. நிரலில்) எழுதியிருக்கிறோம். இன்ச்சிங்கில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும்போது, அற்புதமாக வேலை செய்கிறது. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக்கில் ஓட்டினால் தாமதமாக ஊதுகிறது. அதுவும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் வெவ்வேறு இடத்தில். ரிசால்வரை மாற்றியும் பார்த்துவிட்டோம். மாட்யூல் குறைபாடா?

ரிசால்வரை மாற்றியது வீண் செலவு. பாவம், அவர்கள் இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள், பழையதும் புதியதும். மாட்யூலும் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் உங்கள் லேடர் படிக்கிற கோணம் இப்போதைய கோணம் இல்லை. கொஞ்சம் முன்னால் இருந்த கோணம். எவ்வளவு முன்னால் என்பதுதான் ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் மாறுகிறது.

நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் என்றால் விநாடிக்கு ஒரு சுற்று. ஒரு மில்லிசெகண்டில் ஷாஃப்ட் 0.36 டிகிரி நகர்கிறது. இதைப் பானல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள், பிறகு வழியைப் பார்ப்போம்.

மாட்யூல் கோணத்தை அனுப்பும் இடைவெளி, ஆர்.பி.ஐ. என்று அமைப்பில் வருமே, அதைப் பெரும்பாலானவர்கள் மென்பொருள் கொடுத்த 20 மில்லிசெகண்டிலேயே விட்டுவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஷாஃப்ட் 200-ஐத் தாண்டும் நொடி இரண்டு அனுப்பலுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்; ஆக 0 முதல் 20 வரை காத்திருப்பு. வந்த எண்ணை லேடர் பார்க்க ஒரு ஸ்கேன், அதாவது நிரலின் ஒரு முழு ஓட்டம், 10 மில்லிசெகண்ட் என்று கொள்வோம். அங்கே 0 முதல் 10. வால்வு இருக்கும் அவுட்புட் தொகுதியும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறதா? அங்கேயும் 0 முதல் 20. கடைசியாக வால்வின் சுருள் இழுத்து, ஸ்பூல் நகர்ந்து, காற்று குழாயின் நுனிக்கு வர 25. இது கிட்டத்தட்ட மாறாதது.

கூட்டினால் மிகக் குறைந்தது 25, மிக அதிகம் 75. கோணத்தில் சொன்னால் 9 டிகிரி முதல் 27 டிகிரி வரை. நீங்கள் 200 என்று எழுதியது 209-லிருந்து 227-க்குள் எங்காவது நடக்கும். 18 டிகிரி சிதறல். இன்ச்சிங்கில் ஷாஃப்ட் ஊர்வதால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

இந்தப் பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு ஆலையில், பெயர் வேண்டாம், இதே கோளாறுக்கு நான் செய்த வைத்தியம் 200-ஐ 182 ஆக்கியது. பகல் ஷிப்டு முழுக்க பாகங்கள் அழகாகப் பெட்டியில் விழுந்தன. கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு ஷிப்டில் தகட்டின் தடிமன் மாறியதால் வேகத்தை 35-க்கு இறக்கினார்கள். இப்போது 182 ரொம்ப முந்தி. பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் டை திறப்பதற்குள் காற்று ஊதி, ஓய்ந்து, பாகம் டையிலேயே உட்கார்ந்திருந்தது. அடுத்த ஸ்ட்ரோக் அதன் மேல் இறங்கியது. மறுநாள் காலை அந்த டையை என் மேசைக்கு எதிரே, வேண்டுமென்றே, கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் தாமதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மாறாத தாமதம் ஒன்று, வால்வினுடையது. அதை வேகத்தோடு பெருக்கி முன்கூட்டியே ஈடுகட்டலாம்: 60 ஸ்ட்ரோக்கில் 9 டிகிரி முன்னால், 30-ல் 4.5 டிகிரி முன்னால். மாறுகிற தாமதம் மற்றொன்று, நெட்வொர்க்கும் ஸ்கேனும் சேர்ந்து கொடுப்பது. அதை எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும்.

ஆர்.பி.ஐ.யை இரண்டு பக்கமும் 5 ஆக்கினால் சிதறல் 5, 10, 5 சேர்ந்து 20 மில்லிசெகண்ட், அதாவது 7.2 டிகிரி. ஊதுவதற்கு ஒருவேளை போதும். தகட்டை உள்ளே தள்ளும் ஃபீடருக்குப் போதாது. நல்ல வழி, அந்த முடிவையே பி.எல்.சி.யிடமிருந்து வாங்கி மாட்யூலிடம் கொடுத்துவிடுவது. இந்த மாதிரி மாட்யூல்களில் பல, நிரல்படுத்தும் லிமிட் சுவிட்சாகவும் வேலை செய்யும். எந்தக் கோணத்தில் எந்த அவுட்புட் போடணும், எடுக்கணும் என்ற பட்டியலை நெட்வொர்க் வழியாக ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். கோணத்தை ஒப்பிடுவதும் அவுட்புட்டைத் தட்டுவதும் மாட்யூலுக்குள்ளேயே ஒரு மில்லிசெகண்டுக்குள் நடந்துவிடும். வேகத்துக்கு ஏற்ப முந்திக்கொள்ளும் அமைப்பும் அதிலேயே இருக்கும். 25 என்று போட்டுவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் போகும் கோணம் திரையில் காட்டவும், கணக்கு வைக்கவும், பட்டியலை மாற்றவும் மட்டும் இருக்கட்டும். உங்கள் மாட்யூலின் பக்கவாட்டில் பயன்படுத்தாத அவுட்புட் டெர்மினல் வரிசை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தும் யாரும் வயர் போடாத மாட்யூல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பல அச்சுகள் ஒன்றோடொன்று ஒத்து ஓடவேண்டிய மெஷின் என்றால் கதை வேறு. அங்கே ஈதர்கேட் மாதிரி, எல்லா மாட்யூலின் கடிகாரத்தையும் ஒரு மைக்ரோசெகண்டுக்குள் ஒத்திசைக்கும் நெட்வொர்க் வேண்டும். அல்லது ஐ.ஈ.ஈ.ஈ. 1588 முறையில் கோணத்தோடு அதை எடுத்த நேரமும் சேர்ந்து வரவேண்டும். நேரம் தெரிந்தால், வேகத்தால் பெருக்கி இப்போது எங்கே இருக்கும் என்று கணித்துக்கொள்ளலாம். ஊதுகுழலுக்கு இவ்வளவு வேண்டாம்.

உங்கள் மெஷினின் சராசரித் தாமதத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. வால்வு அவுட்புட்டோடு ஒரு ஸ்ட்ரோபாஸ்கோப்பை இணைத்து, ஃப்ளைவீலில் இல்லை, கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் ஒட்டிய டிகிரி அட்டையைப் பாருங்கள். 20 ஸ்ட்ரோக்கிலும் 60 ஸ்ட்ரோக்கிலும் எங்கே மின்னுகிறது என்று குறியுங்கள். வித்தியாசம் 8 டிகிரி என்றால், வேகத்தின் வித்தியாசம் விநாடிக்கு 240 டிகிரி, ஆக 33 மில்லிசெகண்ட். இது மின்சாரம் அவுட்புட்டுக்கு வரும் வரையிலான தாமதம், வால்வு தனி. ஒரே வேகத்தில் கோடு ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் குதித்தால், அந்தக் குதிப்பின் அகலம்தான் சிதறல்.

நெட்வொர்க் கேபிள் அறுந்துபோனால் பி.எல்.சி.யில் கோணம் பூஜ்யமாகிவிடுமா?

பல பி.எல்.சி.களில் ஆகாது. கடைசியாக வந்த எண் அப்படியே உறைந்து நிற்கும். உறைந்த எண் பார்க்க மிக நல்ல பிள்ளையாக இருக்கும். இணைப்பு அறுந்ததைச் சொல்லும் பிட்டை லேடரில் கட்டாயம் சேருங்கள். மாட்யூலின் அவுட்புட்டுகள் அந்த நேரத்தில் அணையவேண்டுமா, பிடித்துக்கொண்டே இருக்கவேண்டுமா என்ற அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

ஷாஃப்ட் முன்னோக்கிச் சுற்றினால் எண் பின்னோக்கிப் போனது. வயரை மாற்றினோம், திசை சரியானது, ஆனால் எல்லாக் கோணமும் 180 டிகிரி தள்ளிவிட்டது. இன்னொரு ஜோடியை மாற்றினோம், மறுபடி பின்னோக்கி. மூன்று மணி நேரம் போய்விட்டது!

ஆறு வயரை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தால் மூன்று மணி நேரம் குறைவுதான். இனிமேல் இப்படி யோசியுங்கள்.

சைன் ஜோடியின் இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் சைன் எதிர்மறை ஆகும்: திசை திரும்பும், பூஜ்யம் அதே இடத்தில் இருக்கும். கொசைன் ஜோடியை மாற்றினால் திசையும் திரும்பும், 180-ம் சேர்ந்துகொள்ளும். நீங்கள் முதலில் செய்தது இதுதான். ஊட்டும் ஜோடியை மாற்றினால் இரண்டுமே எதிர்மறையாகி, திசை அப்படியே இருந்து வெறும் 180 மட்டும் தள்ளும். சைன் ஜோடியையும் கொசைன் ஜோடியையும் இடம் மாற்றிக் கட்டியிருந்தால் திசை திரும்பி 90 தள்ளும். ஆக உங்களுக்கு, கொசைனைப் பழையபடி வைத்துவிட்டு சைன் ஜோடியைத் திருப்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

மாட்யூல் அமைப்பில் திசையைத் திருப்பும் ஒரு பிட் இருக்குமே, அது போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் இரண்டு வருடம் கழித்து மாட்யூல் பழுதாகி, இரவில் ஒருவர் புதியதை மாட்டும்போது அந்த பிட் அவருக்குத் தெரியாது. வயர் அங்கேயே இருக்கும். நான் வயரில்தான் சரிசெய்வேன், செய்ததைப் பானல் வரைபடத்தில் சிவப்பு மையால் குறிப்பேன்.

கோணம் அரைச் சுற்று வரை ஒழுங்காக ஏறுகிறது. அதன் பிறகு திடீரென்று மைனஸ் 32,768-க்குப் போய் அங்கிருந்து ஏறுகிறது.

உங்கள் பி.எல்.சி. 16 பிட் எண்ணைக் குறியுள்ள எண்ணாகப் படிக்கிறது. அதனால் 32,767-க்கு மேல் அதற்கு இடமில்லை. குறியில்லாத வகையில் எடுங்கள், அல்லது 32 பிட் இடத்துக்கு மாற்றி, எதிர்மறையாக இருந்தால் 65,536 கூட்டுங்கள்.

இதோடு பிறந்த இன்னொரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன்: ஷாஃப்டை ஒரு படி நகர்த்தினால் எண் 256 குதித்தால் பைட்டுகள் முன்பின்னாக வந்திருக்கின்றன. ஈதர்நெட் ஐ.பி.யில் சிறிய பைட் முதலில், இன்னொரு ஆலை நெட்வொர்க்கான புரொஃபிநெட்டில் பெரிய பைட் முதலில். நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு கேட்வே இருந்தால் இது நடக்கும். நடக்காவிட்டால்தான் எனக்குச் சந்தேகம்.

மின்சாரம் நின்றிருக்கும்போது யாராவது ஷாஃப்டைத் திருப்பிவிட்டால்?

திரும்ப மின்சாரம் வந்ததும் ஒரு சுற்றுக்குள் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லும். எத்தனை சுற்று போனது என்பது தெரியாது. அதற்குப் பல்சக்கரம் வைத்து இரண்டு ரிசால்வரைக் கோத்த வகை தனியாகக் கிடைக்கும்.

ஒரு பொறி மட்டும் கவனியுங்கள். பழைய செர்வோ மோட்டாரிலிருந்து கழற்றிய ரிசால்வரை மாட்டுபவர்கள் உண்டு. அதில் மூன்று ஜோடித் துருவம் இருந்தால், ஷாஃப்ட் 120 டிகிரி சுற்றுவதற்குள் அது ஒரு முழுச் சுற்றைச் சொல்லி முடித்துவிடும். மின்சாரம் வந்ததும் மூன்று இடத்தில் எது உண்மையான இடம் என்று அதற்கே தெரியாது.

ஒரே வருடத்தில் இரண்டு மாட்யூல் போய்விட்டது. இரண்டிலும் நினைவகப் பிழை என்று விளக்கு எரிகிறது. பி.எல்.சி. நிரலில், பிரஸ்ஸில் ஏறி இறங்கும் ஸ்லைடு மேல் முனைக்கு வந்ததும், தொடாமலே உணரும் ஒரு பிராக்சிமிட்டி சுவிட்ச் மூலம் கோணத்தைப் பூஜ்யமாக ப்ரீசெட் செய்கிறோம். கோணம் மெல்ல மெல்லத் தள்ளிப்போவதால் இப்படி வைத்தோம். சம்பந்தம் இருக்குமா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். இருக்கிறது, இரண்டு விதமாக.

முதலாவது, ப்ரீசெட் செய்யும்போது பல மாட்யூல்கள் புதிய ஆஃப்செட்டை, அதாவது கோணத்தோடு கூட்டும் திருத்தத்தை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவைக்கும். அந்தச் சில்லுக்கு ஆயுள் உண்டு. 1,00,000 தடவை எழுதலாம் என்பது பலவற்றில் காணும் அளவு. நீங்கள் நிமிடத்துக்கு 60 தடவை எழுதுகிறீர்கள் என்றால் 1,667 நிமிடம். 28 மணி நேரம்கூட இல்லை. உங்கள் மாட்யூல் இத்தனை மாதம் தாக்குப் பிடித்ததே அதன் நல்ல குணம். சேமிக்காமல் ஆஃப்செட் கொடுக்கும் கட்டளை தனியாக இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ப்ரீசெட் பிட்டைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு தட்டலாக மட்டும் கொடுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை. கோணம் மெல்லத் தள்ளிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசால்வர் அப்படித் தள்ளிப்போகாது. செம்பும் இரும்பும் அப்படிச் செய்வதில்லை. ஷாஃப்டுக்கும் ரிசால்வருக்கும் நடுவில் ஏதோ வழுக்குகிறது: இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் செட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது செயின் பல் தாண்டுகிறது, அல்லது ஓட்டும் பற்சக்கரம் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் துல்லியமாக இல்லை. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் பூஜ்யமாக்கி அந்த வழுக்கலை உங்கள் கண்ணிலிருந்து நீங்களே மறைத்துவிட்டீர்கள். பூட்டு உடைந்த வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி.

பிராக்சிமிட்டி சுவிட்ச் இருக்கட்டும், வேலையை மட்டும் மாற்றுங்கள். அது தட்டும்போது கோணம் 355-க்கும் 5-க்கும் நடுவில் இல்லையென்றால் பிரஸ்ஸை நிறுத்தி எச்சரிக்கை கொடுக்கட்டும். அந்த 5 டிகிரியை முடிவு செய்யும்போது முன்னால் சொன்ன ஸ்கேன் தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீணாக நிற்கும். கப்ளிங்கைப் பொறுத்தவரை, இரண்டு பக்க ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு நேர்கோடு சாக்பீஸால் போடுங்கள். ஒரு ஷிப்டு ஓடிய பின் கோடு உடைந்திருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. இறுக்கிவிட்டு வளையாத கப்ளிங் போடும் ஆசை வரும், போடாதீர்கள். பிரஸ்ஸின் ஷாஃப்ட் குலுங்குகிற குலுக்கலில் ரிசால்வரின் சின்ன பேரிங் செத்துப்போகும். வளைந்துகொடுக்கும், ஆனால் முறுக்கினால் ஆட்டம் கொடுக்காத வகை வேண்டும்.

பெரிய மோட்டார் டிரைவ் ஓடத் தொடங்கினால் ரிசால்வர் பிழை என்று மாட்யூல் சொல்கிறது. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஷீல்டு கேபிள்தான் போட்டிருக்கிறோம்.

ஷீல்டு கேபிள் போட்டோம் என்ற வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு டெர்மினல் பெட்டி ஒளிந்திருக்கும். மெஷின் பக்கத்திலிருந்து வந்த கேபிளை அந்தப் பெட்டியில் வெட்டி, ஆறு வயரையும் டெர்மினலில் போட்டு, ஷீல்டை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி விட்டிருப்பார்கள். முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள். ஷீல்டு பெட்டியைத் தாண்டித் தொடரவேண்டும், மாட்யூல் கையேடு சொல்லும் இடத்தில் எர்த்தாகவேண்டும். மூன்று ஜோடியும் தனித்தனியாக முறுக்கியிருக்கவேண்டும். சைனின் ஒரு வயரும் கொசைனின் ஒரு வயரும் ஒரே முறுக்கில் போயிருந்தால் எவ்வளவு ஷீல்டு போட்டும் பிரயோசனமில்லை. மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிழை வந்தால், டிரைவின் கேரியர் அதிர்வெண்ணை, அதாவது அது மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் வேகத்தைப் பாருங்கள். இது பலருக்குத் தோன்றாது. ரிசால்வருக்கு ஊட்டிய அலையோடு ஒத்துவருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரைச்சலை ஒதுக்கும் வேலையை மாட்யூல் நன்றாகவே செய்கிறது. ஆனால் இரைச்சலும் அதே அதிர்வெண்ணில் வந்தால் எதை ஒதுக்கும்? ஒருமுறை மூன்று நாள் கேபிளைக் குடைந்தேன். நாலாம் நாள்தான் பார்த்தேன்: மாட்யூல் ஊட்டுவது 5 கிலோஹெர்ட்ஸ், டிரைவின் கேரியரும் 5 கிலோஹெர்ட்ஸ். கேரியரை 8 ஆக்கியதும் பிழை போனது. ஏற்றினால் டிரைவ் கூடுதலாகச் சூடாகும்; அதன் சுமை அளவு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

“சில நாள்” என்றீர்களே, அதற்கும் ஒரு சோதனை. கேபிளை மாட்யூலில் கழற்றிவிட்டு ஓம் அளவிடுங்கள். சைன் சுருளும் கொசைன் சுருளும் ஏறக்குறைய ஒரே மின்தடை காட்டவேண்டும். ஒரு ஜோடிக்கும் இன்னொன்றுக்கும், எந்த ஜோடிக்கும் உடம்புக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. அளக்கும்போது இன்னொருவரைக் கேபிளை வளைத்து ஆட்டச் சொல்லுங்கள். மெஷின் சூடாக இருந்தால் காலையில் எடுத்த அளவைவிடக் கூடத்தான் காட்டும். 50 டிகிரி சூடேறினால் செம்பின் தடை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். அது கோளாறு இல்லை. இரண்டும் சேர்ந்து ஏறவேண்டும் என்பதுதான் முக்கியம். இன்சுலேஷனை உயர் மின்னழுத்தத்தில் சோதிக்கும் மெக்கரை மட்டும் மாட்யூல் இணைந்திருக்கும்போது தொடாதீர்கள்.

ஸ்லைடு மேலே ஏறும்போது, 180-லிருந்து 360 வரை, கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டனை மௌனமாக்கினால் உற்பத்தி கூடும். ரிசால்வர் கோணத்தை வைத்துச் செய்யலாமா?

ஒற்றை ரிசால்வர், சாதாரண மாட்யூல், சாதாரண நெட்வொர்க் என்றால், கூடாது. மேலே சொன்ன கப்ளிங் வழுக்கிப் பாதியில் விட்டுவிட்டது என்று வையுங்கள். ரிசால்வர் 200-ல் நின்றுவிட்டது. சுருள்கள் ஆரோக்கியம், சைனும் கொசைனும் சரியான விகிதத்தில், மாட்யூலில் ஒரு பிழை விளக்கும் எரியாது. நெட்வொர்க் பச்சை. பி.எல்.சி. ஸ்லைடு ஏறிக்கொண்டிருப்பதாக நம்பி கர்ட்டனை மௌனமாகவே வைத்திருக்கும். ஸ்லைடு இறங்கும், உள்ளே கை இருக்கும்.

இந்த வேலைக்கு, தனித்தனியாக ஓட்டப்படும் இரண்டு உணரிகள், அவற்றை ஒன்றோடொன்று சோதிக்கும் பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற கட்டுப்பாட்டுக் கருவி, நெட்வொர்க் வழியே போனால் அதற்குரிய பாதுகாப்பு நெறிமுறை எல்லாம் வேண்டும். மெஷின் பாதுகாப்புக்கான தரநெறி ஐ.எஸ்.ஓ. 13849 தெரிந்த ஒருவர் கணக்கிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். இதில் பேரம் இல்லை.

சார், நான் அப்ரண்டிஸ். எங்கள் ஷாப்பில் ஆசிலாஸ்கோப் கிடையாது. மல்டிமீட்டரை வைத்து ரிசால்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. மாட்யூல் ஓடும்போது ஏ.சி. வோல்ட்டில் வைத்து, டெர்மினலில் சைன் ஜோடியை அளந்துகொண்டே, மெஷினைப் பூட்டிவிட்டு ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பச் சொல். திரையில் வரும் எண்ணை நம்பாதே; சாதாரண மீட்டர் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகப் படிக்காது, இங்கே இருப்பது பல ஆயிரம். ஏற்ற இறக்கத்தை மட்டும் பார். ஒரு சுற்றில் இரண்டு தடவை உச்சத்துக்கும் இரண்டு தடவை ஏறக்குறைய பூஜ்யத்துக்கும் போகவேண்டும். கொசைன் ஜோடியிலும் அதே மாதிரி. சைன் பூஜ்யமாகிற இடத்தில் இது உச்சத்தில் இருக்கும், இரண்டின் உச்சமும் ஒரே அளவு. மாட்யூல் 45 டிகிரி காட்டும் இடத்தில் நிறுத்தி இரண்டையும் அளந்து பார். மீட்டர் எவ்வளவு பொய் சொன்னாலும், இரண்டுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.